சொல்லுக்குள் ஒரு வாளி

சிசிலியின் நடுவயிற்றில்,
கந்தகச் சுரங்கங்கள் மூடிய குன்றொன்றின் மேல்
நூற்றறுபது நாற்காலி போட்ட நாடக அரங்கு.
சீட்டு விற்பவள் ஜெசுவால்தா.
அவளிடம் ஓர் அட்டை உண்டு,
சிவப்பில் ஒரே சொல்: எசவுரீத்தோ.
'அரங்கு நிறைந்தது' என்பதை அங்கே
'தீர்ந்துவிட்டது' என்றுதான் எழுதுவார்கள்.
நிறைவையும் காலியையும்
ஒரே ஆணியில் மாட்டுகிற ஊர்.

வருடத்தில் நான்கு முறை, மிஞ்சினால் ஐந்து,
அந்த அட்டையை மாட்டும்போது
அவள் கொஞ்சம் உயரமாகிவிடுவாள்.

அந்த ஆகஸ்டில்
குழாயில் தண்ணீர் வந்து பத்தொன்பது நாள்.
கூரைத் தொட்டிகளைத் தட்டினால்
மாதா கோயில் மணியைவிடத் துல்லியமாக ஒலித்தன.
லாரித் தண்ணீருக்கு போன் செய்தாள்.
மறுமுனையில் ஒருத்தி, கொட்டாவியோடு:
எசவுரீத்தோ.

என் அட்டையை இவளுக்கு யார் கொடுத்தது என்று
ஜெசுவால்தாவுக்கு முதலில் வந்தது
கோபம்தான்.

தம்பி லிபோரியோ அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவன்.
மூன்று கோடை. நாளைக்குப் பதினான்கு நடை.
பால்கனிதோறும் வசவு.
நான்காம் கோடையில் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தவன்
எடுக்கவில்லை.
சாகவில்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.
மருத்துவர் எழுதியது அதே சொல், வேறு வால்:
எசவுரிமென்த்தோ.
நரம்புகள் தீர்ந்துபோயினவாம்.

அகராதியை இறக்கியவன் அவன்தான்;
வேறு வேலை இல்லையே.
ஹவுரீரே, லத்தீனில் நீர் இறைப்பது.
முன்னால் எக்ஸ் சேர்ந்தால் வெளியே, அடிவரைக்கும்.
"அக்கா, இந்தச் சொல்லுக்குள்ளே
ஒரு வாளி இருக்கிறது."
இரண்டு மாதத்தில் அவன் பேசிய
முதல் முழு வாக்கியம்.

(நம்மிடமும் ஒரு வினை உண்டு: இறை.
கிணற்றில் மொண்டாலும் இறைப்பது,
கல்யாணத்தில் காசைக் கொட்டினாலும் இறைப்பது.
இறைத்த கிணறு ஊறும் என்றோம்;
எத்தனை வாளிக்குப் பிறகு, எத்தனை நாளில்
என்பதைச் சொல்லாமல் விட்டோம்.
பழமொழிக்கு ஆழ்குழாய் தெரியாது.
தீர் என்று இன்னொன்று:
கடன் தீரும், காய்ச்சல் தீரும், அரிசி தீரும்,
வேண்டாத ஆளையும் தீர்த்துவிடுவோம்.
அவர்களைப் பார்த்துச் சிரிக்க
நமக்கு வாயில்லை.)

சனிக்கிழமை காலை
ஜெசுவால்தா அட்டையைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்
வறண்ட நீரூற்றின் கல்சிங்கத்துக்கு,
அதன் கீழ்ப்பல்லில் மாட்டிவிட்டாள்.
நகரக் காவலர் கந்தோல்ஃபோ
ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்:
அனுமதியற்ற விளம்பரம்.
'பொருள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தண்ணீர் என்று எழுதினார். அடித்தார்.
இல்லாத பொருளுக்கு அபராதம் போட
சட்டத்தில் இடமில்லை என்று
சிங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாலை நாடகம். நூற்றறுபது சீட்டும் போயிற்று.
அட்டை வேண்டுமே என்று ஓடினாள்.
சிங்கத்தின் கீழே ஒரு நீல வாளி.
அதன் பின்னால் ஒரு குடம், இரண்டு கேன்,
ஒரு குழந்தையின் மணல் வாளி,
பிறகு தெருமுனை வரைக்கும்.
அறிவிப்பு இருந்தால் லாரி வரும் என்று
யாரோ நினைத்து முதலில் வைத்திருக்கிறார்கள்;
மற்றவர்கள் வரிசையை நம்பினார்கள்.

அட்டையை அவள் எடுக்கவில்லை.

ஜன்னலில் நின்று வாயாலேயே சொன்னாள்,
வந்த ஒவ்வொருவரிடமும். நாற்பதாவது ஆளுக்கு
சொல் வந்தது, சத்தம் வரவில்லை.
பின்கதவால் லிபோரியோ ஒரு தம்ளர் நீட்டினான்.
வீட்டுப் பானையில் காலையில்
நான்கு விரல் ஆழம் இருந்தது.
பாதி குடித்தாள்.
மீதியை அவன் கையிலேயே கொடுத்து
வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.
"சிந்தாமல் போ" என்றாள்.